சலவைக்கடைப் பூனையின் முன்னங்கால்

அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கட்டிய கணவனிலிருந்து பால் ஊற்றுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் சொட்டுதான். அந்தப் பெயரை யாரும் சும்மா கொடுத்துவிடவில்லை. கஷ்டப்பட்டு அவளே சம்பாதித்துக்கொண்டாள்.

யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் மேசைவிரிப்பில் எங்கே கறை இருக்கிறது என்றுதான் முதலில் அவள் கண் தேடும். வீட்டுக்காரி பதறிப்போய்ப் பூ ஜாடியை நகர்த்தி அதை மறைக்கப் பார்ப்பாள். சொட்டு அந்த ஜாடியைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, செல்போனைக் கறைக்கு நேராகப் பிடித்து, "கொஞ்சம் லைட்டைப் போடுங்களேன், ஓரம் ரொம்ப நல்லா வந்திருக்கு" என்பாள். டீக்கோப்பை வைத்த வட்டம், குடையிலிருந்து தரையில் வடிந்த ஈரம், சுவரில் ஊறிய மழை, குழந்தை துப்பிய பால் என்று எதையும் விடமாட்டாள். ஒருமுறை டாக்டர் வீட்டில் சோபாவையே நகர்த்தச் சொன்னாள், அடியில் இன்னும் நல்லதாக ஒன்று இருக்கும் என்று. இருந்ததாம். டாக்டரின் மனைவி அதற்குப் பிறகு அந்த வீட்டையே மாற்றிவிட்டாள் என்றும் ஒரு பேச்சு உண்டு.

இது பைத்தியம் இல்லை, பிழைப்பு. சொட்டு குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவள். வரைவது கம்ப்யூட்டரில். மை இல்லாத பேனா, கண்ணாடிப் பலகை, ஈரமே இல்லாத தண்ணீர் இவைதான் அவள் சாமான்கள். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது கம்ப்யூட்டரில் போட்ட படமாகத் தெரியக்கூடாது. யாரோ ஒருத்தி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்துக்கொண்டு, தூரிகையால் தொட்டுத் தொட்டு வரைந்த மாதிரி இருக்கவேண்டும். கடையில் புத்தகம் வாங்க வரும் அம்மாக்களுக்கு அதுதான் பிடிக்கும். இயந்திரத்தை அதன் போக்கில் விட்டால் கோடு இழுத்துக் கட்டிய கம்பி மாதிரி வரும், நிறம் பிளாஸ்டிக் வாளி மாதிரி வரும். அம்மாக்கள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு அலமாரியில் திருப்பி வைத்துவிடுவார்கள்.

ஆகவே சொட்டின் வேலையில் பாதி வரைவது, மீதிப் பாதி வரைந்ததை அழுக்காக்குவது. பிடித்துவந்த கறைகளை எல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, வேண்டாத ஓரங்களை வெட்டி, அவற்றையே தூரிகைகளாக மாற்றி வைத்திருந்தாள். ஒருமுறை தற்செயலாக விழுந்த சொட்டு, அவள் பேனாவைத் தட்டும்போதெல்லாம் வேண்டிய இடத்தில் வந்து விழும். எல்லாம் முடிந்த பிறகு படத்தின் மேல் கடைசியாக ஒரு லேயர் போடுவாள். கண்ணுக்குத் தெரியாத தாள் ஒன்றை மேலே விரிக்கிற மாதிரி. அந்த லேயருக்கு அவள் வைத்த பெயர் 'தப்பு'. கோட்டைத் தாண்டிக் கசிந்த நிறம், அழிக்க மறந்த பென்சில் கீறல், ஒட்டிக்கொண்ட தூரிகை முடி எல்லாம் அதில்தான் இருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு தப்பையும் தவறவிடாமல் போடுவாள்.

பதிப்பாளர் போன் பண்ணினால் முதல் கேள்வியே அதுதான்.

"தப்பெல்லாம் போட்டாச்சாம்மா?"

"போட்டாச்சு சார்."

"கொஞ்சம் தாராளமாவே போடு. போன புத்தகத்துல தப்பு பத்தலன்னு சொல்றாங்க."

சொட்டுக்கு ஒரு அக்கா. பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. நிஜக் காகிதம், நிஜத் தண்ணீர், நிஜத் தூரிகை. அவள் நகத்துக்கடியில் நீலச் சாயம் புகுந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இப்போதெல்லாம் நகம் முளைக்கும்போதே நீலமாகத்தான் முளைக்கிறது என்பார்கள் அவளிடம் படிக்கிற பிள்ளைகள். தங்கை தொழிலைப் பற்றி அக்காவுக்கு இருந்த அபிப்பிராயம் ஊரறிந்தது.

"கரண்ட் போயிட்டா நீ யாருடி?" என்பாள்.

"கரண்ட் வர்ற வரைக்கும் உன் தங்கச்சி" என்பாள் சொட்டு.

"நான் போடறது படம். நீ போடறது பட்டன்."

"உன் பசங்க போடற ரெண்டு மலை, நடுவுல ஒரு சூரியன், அதைத்தானே படம்ங்கற?"

இப்படியே போகும். இரண்டு பேரும் டீ குடித்து முடிப்பதற்குள் ஒருவர் மூக்கை ஒருவர் அறுத்து, திருப்பி ஒட்டவைத்து, கிளம்பும்போது மறுபடி அறுத்துவிட்டுப் போவார்கள்.

சொட்டு போட்ட புத்தகங்களில் பேர் வாங்கிக் கொடுத்தது சலவைக்கடைப் பூனை. அழுக்குத்துணிக் கூடையில் தூங்கிப்போன பூனை ஒன்று கடைக்குள் போய், சோப்புத் தண்ணீரிலும் நீராவியிலும் கொடியில் தொங்கும் போர்வைகளுக்கு நடுவிலும் அல்லாடி வெளியே வருவதுதான் கதை. அந்தப் பூனைக்கு ஒரு நடை உண்டு. சோப்பு நுரையில் வழுக்கிவிடுமோ என்று பயந்து, இடது முன்னங்காலை வெளிப்பக்கமாக மடக்கி, முட்டி இருக்கவேண்டிய இடத்தில் முட்டி இல்லாமல், ஒரு தினுசாக எடுத்துவைக்கும். பிள்ளைகளுக்கு அந்த நடை தலைக்கேறிவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பே அப்படி நடந்து போனதில், காலையில் மணியடித்தபோது கிளம்பியவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வகுப்புக்குள் நுழைந்தார்களாம்.

அந்தச் சமயத்தில்தான் புது நூலகம் கட்டி முடித்தார்கள். குழந்தைகள் பகுதிக்குள் நுழைந்ததும் எதிரே பெரிய வெள்ளைச் சுவர். யாரோ ஒரு புண்ணியவான் அந்தச் சுவருக்கென்று நன்கொடை கொடுத்திருந்தார், ஒரு நிபந்தனையோடு. புத்தகத்துக்காகக் கையால் வரைந்த மூலப் படங்களைத்தான் அங்கே மாட்டவேண்டும். கீழே வரைந்தவர் பெயரைப் பித்தளை எழுத்தில் பதிக்கவேண்டும். நூலகர் அம்மா பதிப்பாளரைத் தேடிக்கொண்டு வந்து, சலவைக்கடைப் பூனையைக் கேட்டார்.

அவர் வந்து போன பிறகுதான் சொட்டுக்கு ஆள் அனுப்பினார் பதிப்பாளர். மின்விசிறி வரைக்கும் புத்தகம் அடுக்கிய அறையில், இரண்டு அடுக்குகளுக்கு நடுவே அவர் தலை மட்டும் தெரிந்தது.

"ஒத்துக்கிட்டேன்மா" என்றது தலை.

"எதுக்கு சார்?"

"எல்லாம் கையால போட்டதுன்னு."

"மூலப் படம்னு ஒண்ணு எங்க சார் இருக்கு? பென்டிரைவ்லதான் இருக்கு. அதை ஆணியடிச்சு மாட்டவா?"

"ஒரு வேகத்துல வாய் முந்திடுச்சு."

"நல்ல கெட்டிக் காகிதமா வாங்கி, பிரிண்ட் எடுத்துக் குடுத்துடலாமே?"

"அந்தம்மா லேசுப்பட்ட ஆள் இல்ல. பின்பக்கம் திருப்பிப் பார்ப்பாங்களாம், தடவிப் பார்ப்பாங்களாம். நக்கிப் பார்த்தாலும் ஆச்சரியமில்ல."

"அப்ப இல்லன்னு சொல்லிடுங்க."

"சொல்லலாம். சொன்னா, படகுக் கதைக்கெல்லாம் கையால படம் போடறாரே, அவருக்குப் போயிடும் சுவரு."

அதற்கு மேல் சொட்டு மறுக்கவில்லை. படகுக்காரர் மேல் அவளுக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் அந்தச் சுவரைப் பற்றி ஊரில் பேச்சு அடிபட்டபோதே அவள் போய்ப் பார்த்துவிட்டாள். பித்தளை எழுத்து எங்கே வரும் என்றுகூடக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். அக்கா தன் பள்ளிப் பிள்ளைகளை இனி மாதாமாதம் இந்த நூலகத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு வருவாள். உள்ளே நுழைந்ததும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எண்ண வேண்டிய இடம் அந்தச் சுவருக்கு முன்னால்தான். தங்கை பெயருக்குக் கீழே நின்றுகொண்டு அக்கா தலை எண்ணவேண்டும். அதுவும் மாதம் தவறாமல். ஆயுசுக்கும். சொட்டுக்கு வேண்டியது அவ்வளவுதான், அதற்குக் குறைவாக எதுவும் வேண்டாம்.

காகிதமும் தூரிகையும் வாங்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். நிஜத் தூரிகையைத் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பூனையின் காதைப் போட்டாள். கோணியது. உடனே இடதுகை இரண்டு விரல் காகிதத்தை டக்கென்று தட்டியது. கண்ணாடிப் பலகையில் அப்படித் தட்டினால் கடைசியாகப் போட்டது மறைந்துபோகும். காகிதத்தில் காது அப்படியே இருந்தது. இன்னொரு தட்டு தட்டினாள். அப்புறம் காதைப் பெரிதாக்கிப் பார்க்க, இரண்டு விரலைக் காகிதத்தில் வைத்து அகட்டினாள். ஈரம் இழுத்துக்கொண்டு போய், காது வௌவால் இறக்கை அளவுக்கு ஆயிற்று.

கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். வேலைக்குக் கிளம்பி நின்றவன் பார்த்துவிட்டான்.

"மேசைல என்ன தாளம்?"

"தப்பாப் போச்சுங்க. ஒரு படி பின்னாடி போகணும்."

"காகிதத்துல பின்னாடி போகணும்னா மறுபக்கம்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

மறுபக்கமும் போனாள். மேலும் பல காகிதங்களுக்குப் போனாள். தண்ணீர் அது நினைத்த இடத்துக்கு ஓடியது. அடர்த்தியாக வேண்டிய இடத்தில் வெளுத்தது, வெளுக்க வேண்டிய இடத்தில் கட்டிக்கொண்டது. நனைந்த துடைப்பத்துக்கு மீசை வைத்த மாதிரி ஒரு பூனை வந்தது. பார்த்தவள் எல்லாவற்றையும் சுருட்டி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். வேறு வழி இருந்திருந்தால் போயிருக்கமாட்டாள்.

அக்கா முதலில் கதவைச் சாத்தினாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் நிம்மதியாகச் சிரிக்க. டீ போட்டுக் கொடுத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

"சொன்னேனே."

"விரலை வெச்சு அகட்டினியே, அந்த இடத்துலேர்ந்து சொல்லு."

சொல்லவைத்துக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு, "முடியாதுடி. ஊரை ஏமாத்த நான் வரமாட்டேன்" என்றாள். சொன்ன கையோடு, மேசையில் கிடந்த புத்தகத்தைச் சும்மா புரட்டினாள். புரட்டிய கை நின்றது. பூதக்கண்ணாடியை எடுத்துவந்தாள்.

"ஏய், இது எந்தத் தண்ணி? கீழேர்ந்து மேல ஏறுதே."

"நான் படத்தைத் திருப்பித் திருப்பிப் போடுவேன். அதான்."

"இந்த ஓரம் காஞ்சிருக்கு, நடுவுல ஈரமா இருக்கு, அதுக்குள்ள மறுபடி காஞ்சிருக்கு. இப்படி ஒரு நாளும் காயாது."

"கம்ப்யூட்டர்ல காயும்."

"கையால வராது இது."

"உன்னால வராதுன்னா விட்டுடுக்கா" என்று சொட்டு டீயை உறிஞ்சினாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அக்காவுக்கு அதுவே போதும். தன் கைக்கு வராத நீர்வண்ணம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை. பள்ளிக்கு விடுமுறை விட்ட மறுநாளே தரையைக் கூட்டிப் பலகைகளை விரித்துவிட்டாள்.

அந்த விடுமுறையில் அக்கா வீட்டில் நடந்தது எல்லாம் தலைகீழ் வேலை. கையால் வரைந்த மாதிரி கம்ப்யூட்டர் வரைந்ததை, கம்ப்யூட்டர் வரைந்த மாதிரியே கையால் வரையவேண்டும். தண்ணீர் மேலே ஏற வேண்டிய இடங்களில் பலகையைத் தலைகீழாகக் கதவில் கட்டித் தொங்கவிட்டாள். காயவேண்டிய இடத்தில் தலைமுடி உலர்த்தியைப் பிடித்தாள். காயக்கூடாத இடத்தில் ஈரத்துணியால் ஒத்தடம் கொடுத்தாள். உப்பைத் தூவினாள், மெழுகைத் தேய்த்தாள், பஞ்சால் ஒற்றினாள். மேசைக்கடியில் மல்லாந்து படுத்து மேலே பார்த்து வரைந்ததைப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டுக்காரி ஏதோ ஆகிவிட்டது என்று ஆட்டோவுக்கே சொல்லி அனுப்பிவிட்டாள். சொட்டு பக்கத்தில் உட்கார்ந்து, குவளை கழுவிக்கொண்டு, புத்தகத்தையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மாவும் இருக்கமாட்டாள்.

"அக்கா, அந்தச் சொட்டு இங்க விழக்கூடாது. இன்னும் ஒரு நகக்கண் தள்ளி."

"சொட்டுன்னா விழற இடத்துலதான்டி விழும்!"

"புத்தகத்துல தள்ளி இருக்கே."

அக்கா தூரிகையை உதறி உதறிப் பார்த்தாள். சுவரில் விழுந்தது, தங்கை மூக்கில் விழுந்தது, காகிதத்தில் வேண்டிய இடத்தில் மட்டும் விழவில்லை. கடைசியில் ஊசிமுனைத் தூரிகையை எடுத்து, ஒவ்வொரு சொட்டையும் அதன் வாலோடும் குட்டிகளோடும் வரைய உட்கார்ந்தாள்.

"சொட்டை வரையறேன்! என் நிலைமையைப் பாரு."

"நல்லா வருதுக்கா. நிஜமா விழுந்த மாதிரியே இருக்கு."

"இது என்ன, முடியா?"

"ஆமா. தூரிகை முடி ஒட்டிக்கிட்ட மாதிரி."

"என் தூரிகைல முடி கொட்டாது. நான் வாங்கறது அந்த மாதிரி."

"அதான் தப்பு லேயர்."

"தப்பையும் விடாம காப்பி அடிக்கணுமா?"

"அதை விட்டா கம்ப்யூட்டர்னு தெரிஞ்சுடும்."

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, நல்ல தூரிகையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி ஒட்டினாள். பிடுங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

படங்கள் எல்லாம் முடிந்ததும் சொட்டு தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தாள். கசிவு சரி. கறை சரி. சொட்டு, வால், குட்டிகள், முடி, பென்சில் கீறல் எல்லாம் சரி. அவளுக்கே எது எது என்று குழம்பியது. எழுந்து அக்காவைப் பார்த்தாள். "பரவாயில்ல" என்றாள். அந்த வீட்டில் அதற்கு மேல் பாராட்டு இதுவரை புழங்கியதில்லை.

நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் இன்னும் புதுச் சாய வாசனை போகவில்லை. நாற்காலி எல்லாம் முழங்கால் உயரம். பதிப்பாளர் அதில் உட்கார்ந்தபோது முட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. அக்காவையும் சொட்டையும் அதேபோல உட்காரவைத்துவிட்டு, நூலகர் அம்மா கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அக்கா யார் என்று கேட்டதற்கு, "அக்கா, துணைக்கு வந்திருக்கா" என்றாள் சொட்டு. அதில் பொய் இல்லை.

நூலகர் ஒவ்வொரு படத்தையும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பின்பக்கம் திருப்பினார். தடவினார். மோந்தும் பார்த்தார். காகிதம் ஈரத்தில் நெளிந்திருந்தது, மெழுகு வாசனை அடித்தது. அவர் முகம் மலர்ந்தது.

"எத்தனை உழைப்பு!" என்றார். அக்கா தொண்டையைச் செருமினாள்.

"பின்பக்கம் ஒவ்வொண்ணுலயும் ஒரு கையெழுத்து போட்டுடுங்க. அது போதும். பேரைப் பித்தளைல வெட்டச் சொல்லிடறேன்" என்று சொட்டின் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தவர், திடீரென்று இரண்டு படங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூன்றாவதையும் எடுத்து வைத்தார்.

"இந்தச் சொட்டும் இந்தச் சொட்டும் ஒண்ணா இருக்கே" என்றார்.

இருந்தது. வால் வைத்த பெரிய சொட்டு ஒன்று, அதன் பின்னால் வாத்துக் குஞ்சுகள் மாதிரி குட்டிச் சொட்டுகள். கூடைப் படத்திலும் அதுதான், சோப்புத் தொட்டிப் படத்திலும் அதுதான், கொடிப் படத்திலும் அதுதான். குஞ்சுகளின் வரிசைகூட மாறவில்லை. சொட்டிடம் இருந்த தூரிகைகளில் அது ரொம்ப ராசியான ஒன்று. நல்ல இடமாகப் பார்த்து அதையே தட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அக்கா அதை அப்படியே வரைந்துகொண்டு போயிருக்கிறாள். இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை. கையை உதறினால் இரண்டு தடவை ஒரே மாதிரி விழாது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

பதிப்பாளர் முகத்தில் ஈயாடவில்லை. "மழைக்காலம் பாருங்க மேடம்... காகிதம் வந்து..." என்று மென்று முழுங்கினார்.

நூலகர் அவரைக் கவனிக்கவில்லை. யோசித்தார். பிறகு, "ஓ! வேணும்னே செஞ்சீங்களா? பூனை போற இடமெல்லாம் அதே சொட்டும் கூடவே போகுது. அப்படித்தானே?" என்றார்.

மனதார நம்பித்தான் கேட்டார். அவரே கதவைத் திறந்து வைத்துவிட்டார், இனி சொட்டு தலையை ஆட்டினால் போதும். பதிப்பாளர் அவளுக்கும் சேர்த்து நாலு பேர் அளவுக்குத் தலையை ஆட்டினார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே நின்ற சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சம்மதம்தான் என்று அர்த்தம்.

சொட்டு பென்சிலைப் பிடித்து, முதல் படத்தைத் திருப்பப் போனாள். திருப்புவதற்கு முன்னால் ஒரு தடவை முன்பக்கத்தைப் பார்த்தாள். பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். பூனை சோப்புத் தண்ணீரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இடது முன்னங்காலை நேராக, ஒழுங்காக, முட்டி முட்டியின் இடத்தில் இருக்க எடுத்து வைத்தது. உலகத்துப் பூனைகள் எல்லாம் நடக்கிற மாதிரி நடந்தது.

அடுத்த படத்தைப் பார்த்தாள். அதிலும் அப்படித்தான். அடுத்ததிலும். பூதக்கண்ணாடி வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சரிபார்த்தவள், பூனையைப் பார்க்கவே இல்லை.

"அக்கா" என்றாள். "காலை என்ன பண்ண?"

"எந்தக் காலை?"

"பூனைக் காலை. நேராக்கிட்ட."

"ஆமா, நேராக்கினேன். பூனைக்கு அங்க முட்டி வராதுடி. நீ சொன்ன பொய்த் தப்பு எல்லாத்தையும் வாயை மூடிக்கிட்டுப் போட்டேன். இது ஒண்ணுதான் நிஜத் தப்பு. எப்படி விடறது? நான் பசங்களுக்குச் சொல்லித் தர்றவ."

"அது தப்பு இல்ல. அதுதான் பூனையே."

மேசைக்கடியில் பதிப்பாளர் உதைத்தார். சின்ன மேசை என்பதால் உதை நூலகர் காலில் விழுந்தது.

சொட்டு பென்சிலைக் கீழே வைத்தாள். அவள் அந்த நேரத்தில் உண்மையை நினைத்துக்கொண்டாள் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அக்காவின் உழைப்பில் தன் கையெழுத்தைப் போட அவளுக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை, அதற்காகத்தான் வந்திருந்தாள். ஆனால் அந்தக் காலுக்குக் கீழே தன் பெயரை, அதுவும் பித்தளையில், காலாகாலத்துக்கும் மாட்டிவைக்க அவளால் முடியவில்லை.

"இதுல நான் கையெழுத்துப் போட முடியாது மேடம். இதை வரைஞ்சது இவ. நான் போட்டது கம்ப்யூட்டர்ல. அந்தச் சொட்டு நாங்க வேணும்னு செஞ்சது இல்ல. கவனிக்கல."

பதிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் உருண்டு விழாமல் இருந்ததே, அந்த நாற்காலியில் சிக்கிக்கொண்டிருந்ததால்தான்.

நூலகர் அம்மா கோபப்படவில்லை. படங்களைப் பார்த்தார், அக்காவின் நீல நகங்களைப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து அக்கா பக்கம் நீட்டினார்.

"கையால வரைஞ்சவங்க பேர்தான் எனக்கு வேணும். நீங்கதானே? போடுங்க."

இப்படி ஒரு திருப்பம் வரும் என்று அவள் கணக்கே போடவில்லை. அந்தச் சுவரில் அக்கா பெயர். அதன் கீழே, ஒவ்வொரு முறை நூலகத்துக்கு வரும்போதும், அவள். பதிப்பாளர் ஒரு கண்ணைத் திறந்தார்.

அக்கா பென்சிலை வாங்கினாள். விரலில் உருட்டினாள். மேலே சுவரைக்கூட ஒரு பார்வை பார்த்தாள்.

"இதுல தண்ணி மேல ஓடுது மேடம்" என்றாள் கடைசியில். "என் பேரைப் போட்டா என்கிட்ட படிச்ச பசங்க எல்லாம் வந்து நின்னு சிரிப்பாங்க. அந்தக் கால் மட்டும்தான் என்னுது. காலுக்குத் தனியா பேர் போடுவீங்களா?"

"காலுக்கு மட்டும் போட முடியாது" என்றார் நூலகர்.

"அப்ப வேணாம்."

நூலகர் கண்ணாடியைக் கழற்றினார். படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிக் கொடுத்தார். மரியாதையாகத்தான் கொடுத்தார். வாசல் வரை வந்து, அலமாரிக்கென்று வாங்கிவைத்திருந்த சலவைக்கடைப் பூனை புத்தகத்தை நீட்டி, அதில் ஒரு கையெழுத்துக் கேட்டார். சொட்டு அதில் மட்டும் பெரிதாகப் போட்டாள், பக்கம் முழுக்க.

பதிப்பாளர் வேறு வேலை இருக்கிறது என்று வேறு திசையில் போய்விட்டார். அக்காவும் தங்கையும் பஸ் நிறுத்தத்துச் சிமென்ட் பெஞ்சில், நடுவே படக்கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பஸ் வருகிற மாதிரி இல்லை.

"இதை யார் வீட்ல வைக்கறது?" என்றாள் அக்கா.

"உன் வீட்ல வை. நீதானே வரைஞ்ச."

"என் வீட்ல எதுக்கு? பூனை உன்னுது."

"என் பூனை இப்படி நடக்காது."

சொட்டு கட்டைப் பிரித்தாள்.

"கால் தெரியற படமெல்லாம் உனக்கு. தெரியாததெல்லாம் எனக்கு."

பெஞ்சிலேயே பிரித்தார்கள். கூடைக்குள் தூங்குகிற பூனை சொட்டுக்கு. சோப்புத் தொட்டி அக்காவுக்கு. போர்வைக்குப் பின்னால் வால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது சொட்டுக்கு. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள், சொத்துப் பிரிக்கிறார்கள் போல என்று கொஞ்சம் தள்ளி நின்றார்கள். கடைசியில் ஒன்று மிஞ்சியது. இஸ்திரிப் பெட்டியின் நீராவிக்குள் பூனை, பாதிக் கால் மட்டும் வெளியே.

"பாதிதானே. நீயே எடுத்துக்கோ" என்றாள் அக்கா.

"பாதின்னாலும் நேரா இருக்கே."

அக்கா கைப்பையைத் திறந்து வெள்ளைச் சாயக் குழாயை எடுத்து, விரல் நுனியில் பிதுக்கி, எச்சில் தொட்டு, அந்தக் கால் மேலே ஒரே இழுப்பாக இழுத்தாள். கால் போயிற்று. அந்த இடத்தில் ஒரு நீராவி சுருண்டு எழுந்தது.

"இப்ப?"

சொட்டு அதை ரொம்ப நேரம் பார்த்தாள். புத்தகத்தில் அப்படி ஒரு நீராவி இல்லை. இருந்திருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் அதைச் சொல்லாமல், காகிதத்தை வாங்கித் தன் பக்கத்து அடுக்கில் வைத்துக்கொண்டாள்.

சுவர் படகுக்காரருக்குப் போயிற்று. திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தபோது சொட்டுக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. பதிப்பாளர் சில வாரம் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு, புத்தகம் இன்னும் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்து, பூனையை அடுத்தபடியாக எந்தக் கடைக்கு அனுப்பலாம் என்று தானாகவே போன் பண்ணினார். சொட்டு பேக்கரி என்றாள். மாவுக்கறை அவளிடம் நிறைய இருந்தது.

பள்ளி திறந்து முதல் மாதம் அக்கா பிள்ளைகளை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்குச் சாயங்காலம் போன் வந்தது.

"பார்த்தேன்டி சுவரை."

"எப்படி இருக்கு?"

"படகெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கார். குறை சொல்ல முடியாது."

"பேரு?"

"பித்தளைதான். பளபளன்னு இருக்கு." அக்கா ஒரு கணம் நிறுத்தினாள். "ஆனா கோணலா ஒட்டிவெச்சிருக்காங்க. கடைசி எழுத்து அப்படியே கீழே சரிஞ்சு நிக்குது. பார்க்கவே அசிங்கமா இருக்கு."

"நிஜமாவா?"

"நான் எதுக்குடி பொய் சொல்லப்போறேன்?"

சொட்டுக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் வந்தது. அக்கா அவளுக்காக எதெல்லாம் செய்யக்கூடியவள் என்று அவளுக்குத் தெரியும். நூலகம் ஒன்றும் தொலைவில் இல்லை, பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம். எழுத்து நேராக இருக்கிறதா, சரிந்து இருக்கிறதா என்று அவள் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.